வழித்துணைக்குக் குரல் கொடுத்தவள்

எழினி அனுப்பிய விண்ணப்பம் குரல் பதிவு அலுவலகத்திலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. முதல் தடவை மைக் சரியில்லை என்றார்கள். இரண்டாம் தடவை அவளுக்கு ஜலதோஷமாக இருந்திருக்கும் என்று வீட்டிலேயே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இந்த முறை காரணம் தெளிவாகவே எழுதியிருந்தது. 'விண்ணப்பதாரரின் குரல் ஏற்கெனவே பதிவாகியுள்ள ஒரு குரலுடன் தொண்ணூற்றாறு சதவீதம் பொருந்துகிறது. பெற்றோருடன் நேரில் வரவும்.'

எழினிக்குப் பதினேழு வயது. பதினான்கு மாதமாக எட்டே எட்டுப் பாட்டுகளை வைத்துக்கொண்டு பீளமேட்டில் தானியேலின் ஸ்டுடியோவுக்கும் சிங்காநல்லூர் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். ஆறாவது பாட்டை மட்டும் நாற்பத்து மூன்று தடவை பாடியிருந்தாள். ஆல்பத்துக்குப் பேர்கூட வைத்தாயிற்று. 'கரண்ட் கட்.' தாளத்துக்கு மயிரிழை பின்னால் வந்து, வரியின் கடைசி எழுத்தைப் பாதியில் விழுங்கிவிடுவாள் எழினி. கேட்கிறவர்கள் மீதிப் பாதியைத் தங்கள் மனசுக்குள் பாடிக்கொள்வார்கள். சொல்லிக் கொடுத்து வருகிற விஷயமில்லை அது என்பான் தானியேல்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவள் கோபப்படக்கூட இல்லை. "யாரும்மா அந்தத் தொண்ணூத்தாறு?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் குப்புற விழுந்தாள்.

அம்மா சுகிர்தா கடிதத்தை எடுத்து மடித்து வைத்தாள். அவள் பொதுவாகவே பேச்சுக்காரி இல்லை. பம்பு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற வேலை. பத்து மணி நேரம் ஓடும் எந்திர இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேசத் தேவையில்லை. அதனாலேயே அந்த வேலைக்குப் போனாள். வீட்டிலும் 'சாப்பிடு', 'கதவைச் சாத்து' என்பதோடு சரி. அதையும் அடித்தொண்டையில், மூச்சுவிடுகிற மாதிரி சொல்வாள். கணவன் முருகவேல் ஆளில்லா லாரிகளுக்குத் துணையாக மாதத்தில் இருபது நாள் வடக்கே போய்விடுவான். அந்த வீட்டில் சத்தம் என்றால் அது எழினியின் பாட்டுச் சத்தம்தான்.

ஆனால் அந்தத் தொண்ணூற்றாறு யார் என்று சுகிர்தாவுக்குத் தெரியும். கடிதத்தின் முதல் வரியைப் படித்தபோதே தெரிந்துவிட்டது.

பதிவு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. அலுவலர் ஹக்கீம் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நாளைக்கு இருபது தடவை சொல்லிச் சலித்த விளக்கத்தை அவர்களுக்கும் சொன்னார்.

"குரலைத் திருடி ஊரை ஏமாத்தின காலத்துல போட்ட சட்டம்மா இது. பெத்த அப்பன் குரல்ல போன் வரும், மகன் இருக்கிறதை எல்லாம் அனுப்பிருவான். பேசினது மெஷினா இருக்கும். அதனால தொழிலுக்குன்னு வர்ற குரல் ஒவ்வொண்ணையும் பதிஞ்சு வைக்கிறோம். ஒரு குரல் ரெண்டு பேர் பேர்ல இருக்கக் கூடாது. தொண்ணூத்திரண்டைத் தாண்டிட்டா ஒரே குரல்னுதான் சட்டம் சொல்லுது."

"அப்ப நான் பாடக் கூடாதுங்களா?" என்றாள் எழினி.

"ஏன் கூடாது? வீட்டுல பாடலாம், கல்யாணத்துல பாடலாம். ஆல்பம் போட முடியாது."

"யார் குரலுங்க அது?"

ஹக்கீம் ஒரு பொத்தானை அழுத்தினார். மேசை ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது. 'தயவுசெய்து வரிசையில் வரவும். உங்கள் டோக்கன் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளவும்.'

எழினி சிரித்துவிட்டாள். "இது வழித்துணைங்க!"

கோவையில் அந்தக் குரலைக் கேட்காத காது கிடையாது. பஸ்ஸில், லிஃப்டில், ஆஸ்பத்திரியில், கரண்ட் ஆபீஸில், மின்மயானத்தில் எங்கே போனாலும் அதுதான். 'அடுத்த நிறுத்தம் உக்கடம்' என்பதும் அந்தக் குரல்தான். 'அஸ்தியைப் பெற்றுக்கொள்ள இடப்பக்கம் செல்லவும்' என்பதும் அதேதான்.

"வழித்துணை கம்பெனியோட பேருல இருக்கும்மா. ஆனா அந்தக் குரலுக்குன்னு ஒரு ஆள் இருந்திருக்கணும் இல்லையா?" ஹக்கீம் திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு சுகிர்தாவைப் பார்த்தார். "உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?"

சுகிர்தா மகளின் பக்கம் திரும்பவில்லை. "நான்தானுங்க அது" என்றாள்.

பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். வழித்துணை மட்டும் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும்தான் எழினி கேட்டாள். "ஏம்மா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருந்தாங்க. அப்புறம், சொல்லி என்னாகப் போகுதுன்னு விட்டுட்டேன்."

அப்போது சுகிர்தாவுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் ஏதோ விழாவுக்கு அறிவிப்புச் செய்தவளைக் கேட்டுவிட்டு, ஒலிமுகம் என்ற கம்பெனியிலிருந்து ஆள் வந்தார்கள். ஆறு வாரம் ஓர் அடைத்த அறையில் உட்கார்ந்து பதினோராயிரம் வாக்கியங்கள் படித்தாள். வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் எதுவும் இல்லை. நாலு பேர் தன் குரலைக் கேட்பார்கள் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது.

ஊரே கேட்டது. அதற்குப் பிறகு அவள் பேசினால்தான் யாரும் கேட்கவில்லை. போன் செய்து "நான் சுகிர்தா பேசறேன்" என்றால், ஏதோ விளம்பரம் என்று கட் செய்துவிடுவார்கள். கடையில் "அரைக் கிலோ தக்காளி" என்று கேட்டால் வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். எழினி பிறந்த அன்று வலி பொறுக்காமல் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். நர்ஸ் அண்ணாந்து சுவரில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள். அன்றிலிருந்து சுகிர்தா குரலை உள்ளே இழுத்துக்கொண்டாள். முதலில் மெதுவாகப் பேசினாள். அப்புறம் குறைவாகப் பேசினாள். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

"சின்னப்பிள்ளையில உன் குரல் உங்க அப்பத்தா மாதிரி கீச்சுன்னு இருந்துச்சு" என்றாள் சுகிர்தா. "போன வருஷம்தான் திரண்டு வந்துச்சு. நீ பாடறப்ப கேட்டுட்டு எனக்குப் பகீர்னு இருந்துச்சு கண்ணு. பாட்டுல தெரியாதுன்னு நினைச்சேன்."

எழினி அவள் மடியில் தலை வைத்துப் படுத்தாள். "எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் ஒலிமுகத்திலிருந்து நவநீத் என்று ஒரு இளைஞன் வந்தான். பணிவான பிள்ளை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்தான்.

"ரெண்டு வழி இருக்குங்க மேடம். ஒண்ணு, ஆல்பத்தை நாங்களே போடறோம். வழித்துணை பாடுதுன்னு போடுவோம். எல்லா பஸ்லயும் ஓடும். தங்கச்சி பேரு மட்டும் வராது."

"இன்னொண்ணுங்க?" என்றாள் எழினி.

"குரல் நாண்ல சின்னதா ஒரு ஊசி. பத்து நிமிஷ வேலை. குரல் லேசா மாறும், தொண்ணூத்திரண்டுக்குக் கீழ வந்திரும். பேர் உங்களுது, பாட்டும் உங்களுது."

"குரல்?"

நவநீத் தம்ளரைக் கீழே வைத்தான். "அது எப்படி வரும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாதுங்க." கிளம்பும்போது வாசலில் நின்று சுகிர்தாவிடம் ஒரு காகிதம் கொடுத்தான். "மேடம், இருபது வருஷம் முடியுது. இருபத்தெட்டாம் தேதி பதிவு ஆபீஸ்ல குரலைப் புதுப்பிக்கணும். சும்மா ஒரு சம்பிரதாயம்தான், கார் அனுப்பறோம்."

அந்தக் காகிதத்தைச் சுகிர்தா நாலு தடவை படித்தாள். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாக ஹக்கீமைப் பார்க்கப் போனாள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நான் வரலீன்னா என்னங்க ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. வந்ததா எடுத்துக்கிட்டு அவங்களுக்கே இன்னும் இருபது வருஷம் போட்டுருவாங்க."

"வந்து பேசி, அது பொருந்தலீன்னா?"

ஹக்கீம் சாப்பிடுவதை நிறுத்தினார். "உயிரோட இருக்கிற ஆள் குரலோட பொருந்தலைன்னா அந்தப் பதிவு காலாவதி. அது யாருக்கும் சொந்தமில்லாத குரல் ஆயிரும். அதே குரலுக்கு முதல்ல விண்ணப்பம் கொடுத்து யாரு வரிசையில நிக்கிறாங்களோ, அவங்களுக்குப் போகும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வரிசையில இப்ப ஒரே ஒரு பேருதான் இருக்கு. ஆனா அம்மா, வேணும்னே கெடுத்துக்கிட்டா அது குற்றம். டாக்டரை வச்சுத் தொண்டையைப் பார்ப்பாங்க."

"கண்டுபிடிச்சிருவாங்களா?"

"அது எனக்குத் தெரியாது. நீங்க இதை என்கிட்டக் கேட்கவும் இல்லை."

கோவை ராமநாதபுரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டர் பானுரேகா இருந்தார். குரலை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் அவரிடம் நிறையப் பேர் வருவார்கள். ஏன் என்று அவர் யாரையும் கேட்பதில்லை. சுகிர்தாவிடமும் கேட்கவில்லை. "தழும்பு தெரியாமப் பண்ணலாம். தெரியவே தெரியாதுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. அதுக்கப்புறம் குரல் கரகரன்னுதான் இருக்கும், சம்மதமா?" என்றார். சுகிர்தா தலையாட்டினாள். இருபத்தாறாம் தேதி காலை என்று குறித்துக் கொடுத்தார்.

நடுவில் பத்து நாட்கள் இருந்தன.

அந்தப் பத்து நாளும் சுகிர்தா பேசினாள். எப்படியும் போகப் போகிற குரல், யார் திரும்பிப் பார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முதலில் வீட்டுக்குள் பேசினாள். தான் படித்த பள்ளிக்கூடம், மூன்று மாதம் மட்டும் கற்றுக்கொண்டு விட்ட ஸ்கூட்டர், முருகவேல் பெண் பார்க்க வந்தபோது வெட்கத்தில் தலை நிமிராதவளைப் பார்த்து "பொண்ணு ஊமைங்களா?" என்று அவன் பெரியம்மா கேட்டது என ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு திருப்பூரில் இருக்கும் அக்காவைப் போனில் கூப்பிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினாள். அக்கா நடுவில் அழுதாள். கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எட்டு வருஷமாகப் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடம் முதன்முதலாக அவள் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் தொண்டை வலித்தது. சாயங்காலம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு மறுபடி பேசினாள்.

எழினி ஸ்டுடியோவிலிருந்து துவண்டுபோய் வந்து தரையில் படுத்துக்கொண்டு கேட்பாள். குரல் பதிவுச் சான்றிதழ் வராவிட்டால் எல்லாம் வீண் என்று தெரிந்தும் தானியேல் பதிவை நிறுத்தவில்லை. அவளும் போவதை நிறுத்தவில்லை. "அம்மா, நீ இவ்வளவு பேசுவியா?" என்று ஒரு நாள் கேட்டாள். "எனக்கே தெரியாது அம்மிணி" என்றாள் சுகிர்தா.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம், சார்ஜரைத் தேடப் போன எழினியின் கையில் கிளினிக் சீட்டு சிக்கியது. 'இடப்பக்கக் குரல் நாண், காலை பத்து மணி.'

"என்னம்மா இது?"

சுகிர்தா ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்கே. நான் ஊசி போட்டுக்கறேன். இந்தப் பாட்டெல்லாம் எனக்கே சலிச்சுப் போச்சு. எப்படியோ ஒண்ணு, வெளியே வந்தாப் போதும்."

"நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல கண்ணு. நான் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? பதினேழு வருஷமா மூடி வச்ச சாமான்."

"அது உன் குரல்மா!"

"அது பஸ்ஸோட குரல்."

எழினி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதிருந்தாள். "சரி. எனக்கு ஒண்ணு மட்டும் செய். தானியேல் அண்ணன்கிட்ட வந்து நல்ல மைக்ல ஒரு மணி நேரம் பேசு. எனக்கு வேணும். கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்தது இல்ல, நீ பேசறது."

தானியேலின் ஸ்டுடியோ ஒரு பம்பு உதிரிபாகக் கடைக்கு மேலே இருந்தது. முப்பது வயது ஆள், தூக்கம் போதாத கண்கள். விஷயத்தைக் கேட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "எழினி முதல் நாள் பாடினப்பவே, எங்கேயோ தினமும் கேட்ட குரல் மாதிரி இருக்கேன்னு நினைச்சேனுங்க அக்கா. அதனாலதான் புடிச்சது. கேட்ட எல்லாருக்கும் அதனாலதான் புடிச்சிருக்கும் போல."

சுகிர்தா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அடைத்த அறை, காதில் ஹெட்போன். "என்ன பேசறது?" என்றாள். "இன்னைக்குக் காலையில என்ன சமைச்சே, அதைச் சொல்லு" என்றாள் எழினி வெளியிலிருந்து. அரிசியும் பருப்பும் சாதம் செய்த கதையில் தொடங்கி, பேச்சு எங்கெங்கோ போனது.

தானியேல் பாதியில் திரையின் பக்கம் குனிந்தான். எழினியின் விண்ணப்பம் திரும்பிய பிறகு, குரலை வழித்துணையோடு பொருத்திப் பார்க்க அவன் ஒரு கணினி நிரல் வாங்கி வைத்திருந்தான். பழக்கத்தில் அதை ஓடவிட்டிருந்தான். எண்ணைப் பார்த்தான். அழித்துவிட்டு மறுபடி ஓட்டினான். மூன்றாவது தடவை மைக்கையே மாற்றினான். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்.

"அக்கா, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. வழித்துணை பேசற மாதிரியே பேசுங்க. 'அடுத்த நிறுத்தம்'னு."

சுகிர்தா நிமிர்ந்து உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு முந்தைய அந்தக் குரலை அடிவயிற்றிலிருந்து இழுத்தாள். "அடுத்த நிறுத்தம் உக்கடம். தயவுசெய்து..." மேலே போக முடியாமல் இருமல் வந்தது.

"அறுபத்தெட்டு" என்றான் தானியேல்.

"என்னதுண்ணா?" என்றாள் எழினி.

"அறுபத்தெட்டு சதவீதம். என் குரலை விட்டாலே அம்பது வரும்." அவன் சுகிர்தாவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். "அக்கா, அது நீங்க இல்லீங்க. ரொம்ப நாளாவே நீங்க இல்லைன்னு நினைக்கிறேன். தொண்டையும் ஒரு தசைதானுங்க. பயன்படுத்தாம விட்டா..."

சுகிர்தா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று அவளுக்குப் புரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், குற்றமும் இல்லை, பிள்ளையின் ஆல்பம் வெளிவரும். எழினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு சிரிப்பில் குலுங்கியது. சுகிர்தாவின் யோசனை வேறெங்கோ இருந்தது. எந்த வருஷம் போயிருக்கும்? எழினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோதா? மாமனார் செத்த வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளே, அப்போதே போயிருந்ததா? கடைசியாக யாராவது திரும்பிப் பார்த்தது எப்போது?

"அப்படின்னா நான் பேசியிருக்கலாம்" என்றாள். "இத்தனை வருஷம் எங்க வேணாலும் பேசியிருக்கலாம். யாரும் திரும்பியே பார்த்திருக்க மாட்டாங்க."

எழினியின் சிரிப்பு நின்றுவிட்டது.

இருபத்தெட்டாம் தேதி கம்பெனி கார் வந்தது. சுகிர்தா அதில் ஏறவில்லை, பஸ்ஸில் போனாள். ஹக்கீம் நீட்டிய காகிதத்தைப் படித்தாள். எந்திரம் 'பொருந்தவில்லை' என்றது. நவநீத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். கம்பெனி கேட்டுக்கொண்டபடி, அலுவலகத்து டாக்டர் மெல்லிய குழாயை விட்டு அவள் தொண்டையைப் பார்த்தார். கத்தி பட்ட தடம் இல்லை, ஊசி குத்திய தடம் இல்லை. 'நீண்டகாலப் பயன்பாடின்மை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஹக்கீம் முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினார். "இது வரைக்கும் முப்பத்தொரு பேரு புதுப்பிக்க வந்திருக்காங்கம்மா" என்றார் மெதுவாக. "பதினாலு பேருக்குப் பொருந்தல. குரலைக் கொடுத்துட்டு வந்தவங்க வீட்டுல யாருமே வாயைத் திறக்கறதில்ல போல." பிறகு அடுத்த தாளை எடுத்து எழினியின் பேரை எழுதினார்.

நாலே நாளில் நவநீத் மறுபடி வந்தான். இந்த முறை கையில் பெரிய உறை இருந்தது. பொது இடங்களில் இருக்கும் வழித்துணை எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் எழினி சம்மதிக்க வேண்டும்.

"அந்தக் காலம் மாதிரி பதினோராயிரம் வாக்கியமெல்லாம் வேண்டாங்க. நாலு நாள் போதும். ஆல்பத்தை எல்லா பஸ்லயும் போடறோம், உங்க பேரோட. ஜனங்களுக்குப் பழகின குரல். திடீர்னு மாத்தினா வயசானவங்க தடுமாறுவாங்க."

சுகிர்தா குறுக்கே பேசவில்லை. பேச வேண்டும் என்றிருந்தது. ஆனால் பத்தொன்பது வயதில் யாராவது தடுத்திருந்தால் தான் கேட்டிருப்போமா என்று நினைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

எழினி உறையைப் பிரிக்கவே இல்லை. "அண்ணா, நான் ஒரே பாட்டை நாற்பத்து மூணு தடவை பாடியிருக்கேன். நாற்பத்து நாலாவது தடவை பாடச் சொன்னப்ப பாத்ரூம்ல போய் அழுதேன். உங்க மெஷின் ஒரே வரியை எத்தனை தடவை சொல்லும்?"

"அது மெஷின் சொல்றதுதானுங்களே. உங்களுக்கு என்ன அலுப்பு?"

"எங்கம்மாவைக் கேளுங்க."

அவன் கேட்கவில்லை. எழுந்து நின்றான். கோபமில்லை, அவனும் களைத்துத்தான் தெரிந்தான். "நீங்க இல்லைன்னா இன்னொருத்தர் வருவாங்க. வரிசையில நிறையப் பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் 'கரண்ட் கட்' வெளிவந்தது. ஓகோவென்று ஓடியது என்று சொல்ல முடியாது, ஓடவில்லை என்றும் சொல்ல முடியாது. மூன்றாவது பாட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். 'கரண்டு போச்சு, காத்து போச்சு, உன் கோபம் மட்டும் போகல' என்ற வரி கொஞ்ச நாள் ஆட்டோக்களில் கேட்டது. 'லிஃப்ட் அக்கா பாட ஆரம்பிச்சுட்டாங்க' என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். எழினி அதற்கெல்லாம் சிரித்தாள். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் எழுதியதற்கு மட்டும் அவளால் சிரிக்க முடியவில்லை. 'என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாதமும் இந்தக் குரல்தான் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டது. ஐந்தாவது பாட்டில் பாதிக்கு மேல் கேட்க முடியவில்லை. பாப்பா மேல் தப்பில்லை. நன்றாகப் பாடுகிறாய்.' அதை அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அதன் பிறகு நாலு நாள் ஸ்டுடியோ பக்கம் போகாமல் தூங்கினாள். சுகிர்தா எழுப்பவில்லை.

மழை பெய்து வெறித்த ஒரு சாயங்காலம், வேலை முடிந்து சுகிர்தா பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். பக்கத்தில் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. புதுக் குரல். அன்றுதான் அந்த நிறுத்தத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

'தயவுசெய்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்.'

சின்னப் பெண். பதினெட்டு, பத்தொன்பதுக்கு மேல் இருக்காது. தர்மபுரிப் பக்கம் போலிருந்தது, 'பின்னால்' என்பதில் லேசாக அந்த இழுப்பு. நல்ல குரல். கேட்டவுடன் பிடித்துவிடும். ஆனால் 'நிற்கவும்' என்று முடிக்கிற இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற ஒரு சின்ன ஓசை இருந்தது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. ஆறு வாரம் அந்த அறையில் உட்கார்ந்தவளுக்குக் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் படித்த வாக்கியம் அது. வாய் வறண்டிருக்கிறது. இன்னும் நூறு வாக்கியம் பாக்கி இருக்கும், எழுந்து போகக் கூச்சமாக இருந்திருக்கும்.

'தயவுசெய்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்.'

"கொஞ்சம் தண்ணி குடி சாமி" என்றாள் சுகிர்தா, வாய்விட்டு.

பெரியவர் கைக்குட்டையை இறக்கினார். "யார்கிட்டங்க பேசறீங்க?"

"அந்தப் பிள்ளைகிட்டங்க" என்று மேலே காட்டினாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.